ஐந்தாம் வகைத் தோல்

செட்டிநாடு ரயில் நிலையத்தில்
பார்சல் வராத பார்சல் அறை.
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து
வெளிச்சத்தை வெளியே நிறுத்தினேன்,
வெளிச்சத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பதால்.

கத்திரி பிறந்து ஒன்பது நாள்.
தண்டவாளம் பார்க்கும் பதினான்கு பேர்
கையெழுத்துப் போட்டுச் சம்மதித்திருந்தார்கள்.
பஞ்சவர்ணம் ஒன்பதாவது.
ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்து
கையை நீட்டினார்
வளையல்காரரிடம் நீட்டுவதுபோல.

தோலில் ஆறு வகை.
படித்த கட்டுரைகளில் முக்கால்வாசி
முதல் இரண்டு வகையைப் பற்றியவை.
"நான் எத்தனாவது?"
ஐந்து என்றேன்.
"பேர்லயே இருக்கே" என்றார்.

முதலில் வெள்ளை வில்லை.
விழுகிற ஒளியை ஏறக்குறைய அப்படியே
திருப்பித் தரும்.
பஞ்சுக்குள் வைத்துப் பாதுகாக்கிறோம்,
கைரேகை பட்டால் போச்சு.
இதுதான் நூறு, மற்றதெல்லாம்
இதிலிருந்து எவ்வளவு குறைவு என்று கணக்கு.
சொன்ன பிறகு அந்த வாக்கியம்
எனக்கே பிடிக்கவில்லை.
வில்லையைப் பார்த்தார். கையைப் பார்த்தார்.
"பாஸ் மார்க்காவது வருமா?"

அடுத்து, வெயில் அறியாத ஓரிடம்.
ரவிக்கை விளிம்பை ஒரு விரல் உயர்த்தி
மேல்கையின் உட்புறம்.
பிறகு முன்கையில் ஐந்து முறை.
முனையை அழுத்தக் கூடாது.
அழுத்தினால் ரத்தம் ஒதுங்கிக்கொள்ளும்,
எண் பொய் சொல்லும்.
ஈ உட்காரும் கனத்தில் வைக்க
எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

போன வருடம் ஆஸ்பத்திரியில்
கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து
"சிவக்கவே இல்லையேம்மா" என்றார்களாம்.
லீவு கிடைக்கவில்லை.
பாடப்புத்தகப் படங்களில்
வெயில் சுட்ட தோல் வேகவைத்த இறால்போல இருக்கும்.
இந்தப் பக்கம் சிவப்பெல்லாம் தரையில்,
ஜல்லிக்கு அடியில், செம்பூராங்கல்லில்.
கையில் வந்தால்
கறுத்துப்போச்சு என்பார்கள்.
அது தரகருக்குக் கவலை.
காயம் என்று யாரும் சொல்வதில்லை.

ஒளி உள்ளே போகிறது,
கடுகளவுகூட ஆழமில்லை.
மெலனின் வாசலிலேயே
பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்கிறது.
தப்பியது ரத்தம்வரை இறங்கி
கொஞ்சம் பச்சையை, கொஞ்சம் மஞ்சளை
அங்கே விட்டுவிட்டுத்
தடுமாறி வெளியே வருகிறது.
எது திரும்பவில்லையோ
அதைத்தான் கருவி எழுதும்.

மெலனின் போட்ட சரிவைக் கழித்ததும்
திரையில் கோடு இரண்டு முறை இறங்கி ஏறியது.
உட்கையில் மாட்டுக் குளம்படி அளவு.
முன்கையில்
இரண்டு கிணறு.

நேற்று நண்பகல்
கோட்டையூர் கேட்டுக்கு அந்தப் பக்கம்
நான்கு மணி நேரம் கிளிப் அடித்திருக்கிறார்.
கண்ணுக்குத் தெரியாத கதிர் அடித்துவிட்டு
நேற்றே மேற்கே இறங்கிவிட்டது.
வீக்கம் அடுத்த நாள்தான் உச்சத்துக்கு வரும்.
நான் அளந்தது நேற்றைய வெயிலை.

கன்றியிருக்கு என்றேன், நல்லாவே.
என் குரலில் இருந்தது மகிழ்ச்சி,
மறைக்கத் தெரியவில்லை.
சிக்னல் அவ்வளவு சுத்தம்.

பஞ்சவர்ணம் என்னைப் பார்த்தார்.
"எரியுதுன்னு
உள்ள வரும்போதே சொன்னேனேம்மா.
அத எழுதுனியா?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கோட்டின் பிரதி ஒன்று கேட்டார்.
மருத்துவச் சான்று ஆகாது இது
என்று விளக்க ஆரம்பித்தேன்.
"இன்ஜினியர் எண்ணத்தான் நம்புவாரு. குடு."
அச்சடித்துக் கொடுத்தேன்.
விதிப்படி பெயர் கூடாது, மேல் மூலையில்
'09' என்று மட்டும்.

என் பேனாவை வாங்கினார்.
சட்டையை மேஜையாக்கி
அந்த எண்ணை அடித்துவிட்டு
ஏழு எழுத்து எழுதினார்,
நிதானமாக,
ஒன்றின்மேல் ஒன்று படாமல்.

துணியை விலக்கிக்கொண்டு போனார்.
கதவு வழியே வந்த வெயிலில்
வெள்ளை வில்லை
மூடாமல் கிடந்தது.